ஊற்றும் கை, சொல்லும் நாக்கு

பாரிஸில் ஓர் உணவகம். மேசையில் மூன்று பெண்கள், ஓர் ஆண். அந்த ஆண், மதுவைத் தொடாத தமிழ்ப் பேராசிரியர். ஒயின் பட்டியல் நேராக அவர் கைக்குப் போயிற்று. அந்நகரிலேயே வாழும் என் தோழி அதை வாங்கி, ஜூரா பகுதியின் சவாஞான் திராட்சையில் செய்த மஞ்சள் ஒயின் உண்டா என்று கேட்டாள். ஒயினைத் தேர்ந்து சொல்வதற்கென்றே இருக்கும் பணியாளர், சொமெலியே, சிரித்தார். அது பெண்களுக்குக் கடுமையாக இருக்கும், மென்மையாக, இனிப்பாக ஒன்று தரட்டுமா என்றார். பிறகு பேராசிரியர் பக்கம் திரும்பி, சிவப்பில் நல்ல கனமானது இருக்கிறது என்றார்.

இது சின்ன விஷயம் இல்லை. பரிந்துரை என்றால் முதலில் கேட்க வேண்டும்: என்ன சாப்பிடப் போகிறீர்கள், எந்தச் சுவை பிடிக்கும், எவ்வளவு செலவழிப்பீர்கள்? இங்கே எங்கள் உடலைப் பார்த்தே பதில் தயாராகிவிட்டது. சவாஞான், பீப்பாயில் ஈஸ்ட் படலத்தின் அடியில் ஆறாண்டுக்கு மேல் கிடந்து, வால்நட் மணமேறி வரும் வெள்ளை. அதைத் தாங்கப் பெண் நாக்குக்குத் திராணி இல்லையாம். புளி காணுமா, உப்புப் போதுமா என்று தினமும் அடுப்படியில் தீர்ப்புச் சொல்லும் நாக்கு! சிவப்பு ஒயினின் பெருமையாகச் சொல்லப்படும் துவர்ப்பு, வாழைப்பூ ஆய்ந்தவளுக்குப் புதிதா? இத்தாலியின் திரெந்தினோவில், மதிப்பிழந்து கிடந்த தெரோல்தெகோ என்னும் கருஞ்சிவப்புத் திராட்சைக்கு மறுவாழ்வு தந்தவர் எலிசபெத்தா ஃபொராதோரி என்ற பெண். அவர் செய்த ஒயினையும் 'ஆண்களுக்கு உகந்த கனம்' என்று விற்பார்கள்.

ஒயினின் மொழியே அப்படி. பிரெஞ்சில் அதன் நிறம் 'கவுன்', கோப்பையில் வழியும் கோடு 'கால்', செழுமை 'தொடை'. பர்கண்டியில் ஷாம்போல்-முய்சிஞி ஊர் ஒயினைப் பெண்மை என்றும், ஜெவ்ரே-ஷாம்பெர்த்தானை ஆண்மை என்றும் பிரிப்பார்கள். வகுப்பில் கேசாதிபாதம் நடத்தும் எனக்கு இந்த இலக்கணம் நன்றாகவே தெரியும்.

பெண்ணே சொமெலியே ஆனால்? அமெரிக்காவில் 'மாஸ்டர் சொமெலியே' பட்டம் பெற்ற ஆண்கள் தங்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக 2020இல் 21 பெண்கள் நியூயார்க் டைம்ஸிடம் சொன்னார்கள். தேர்வுக்குப் படிக்கப் போனவர்கள், வேலை கற்கப் போனவர்கள்.

யவனர் கப்பலில் வந்த மது நம் பாட்டிலும் உண்டு. நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது, அதைப் பொற்கலத்தில் ஏந்தி ஊட்டுவது வளையணிந்த பெண்கள். அந்த மது எப்படியிருந்தது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆனால் அதே புறநானூற்றில், கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதியமான் அதை ஔவைக்கே கொடுத்துவிடுவான். உனக்கு இது கடுமை என்று அவன் சொன்னதாக ஔவை பாடவில்லை.

தோழி சவாஞானையே வரவழைத்தாள். பேராசிரியர் தண்ணீர் குடித்தார். பில்லும் அவரிடமே வந்தது. பணம் கொடுத்தவள் தோழி.