தவப்பூனையும் திரைப்பந்தியும்

மாமல்லபுரத்துப் பாறையிலே ஒரு பூனை நிற்கிறது. பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரிகிறது! காலடியிலே எலிகள், அச்சமற்று அண்டி நிற்கின்றன. பல்லவ நாட்டுச் சிற்பி நகைத்துக்கொண்டேதான் உளியை ஓட்டியிருக்க வேண்டும். புலாலைத் துறந்தேன் என்கிறது பூனை. நம்பிய எலி நாளை இராது!

அந்தப் பூனை பாறையோடு நின்றுவிடவில்லை, தோழர்களே! வெள்ளித்திரையிலும் ஏறி நிற்கிறது.

1957-இல் வந்தது 'மாயாபஜார்'. அரக்கர் குலத்துக் கடோத்கசன், கல்யாணப் பந்தியிலே தனியே அமர்கிறான். வாயகலத் திறந்து அவன் விழுங்குவது என்ன? லட்டு, சோறு, பலகாரம்! ஒரு மீன் துண்டு உண்டா? ஓர் ஆட்டெலும்பு உண்டா? எஸ். வி. ரங்காராவின் நடிப்பை மெச்சாதார் இல்லை, நாமும் கைதட்டினோம். தட்டிய கை ஓய்ந்தபின் சிந்திக்க வேண்டாமா? அரக்கனையே சைவனாக்கியதல்லவா அந்தப் பந்தி!

ஒரு படம் என்றால் விட்டுவிடலாம். திரையிலே நல்ல குடும்பம் என்றால் காப்பி மணம்; திருமணம் என்றால் வாழையிலை, அப்பளம், பாயசம். கோழிக்காலைக் கடித்திழுப்பவன் எவன்? பெரும்பாலும் கொடியவன்! இலையைக் கண்டதும் குணத்தை முடிவுகட்டச் சொல்லி நம்மைப் பழக்கிவிட்டார்கள்.

நாட்டு நடப்பு என்ன? 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறையின் அடிப்படை ஆய்வு கூறுகிறது: தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 97.65 விழுக்காட்டினர் புலால் உண்போர். ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் உண்பது திரைக்குத் தீட்டு; இரண்டு பேர் உண்பது பண்பாடு! என்னே இந்தக் கணக்கு!

செங்கற்பட்டுக் கொட்டகையில் படம் பார்த்துவரும் இளைஞனே, கடற்கரைப் பக்கம் நடந்து பார்! தேவனேரியில், கொக்கிலமேட்டில், விடியுமுன் படகு கரையேறுகிறது. வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுத்து, கூடை சுமந்து, விலை கூறி விற்பவள் பெண். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விளக்கொளி வீசும் உணவகத்தில் மீன் வறுவலைச் சுவைக்கும் சீமான், அவள் கூடையோடு பேருந்தில் ஏறினால் மூக்கைப் பொத்துகிறான். மீன் மணக்கும், மீன்காரி நாறுவாளா? கேளம்பாக்கத்து உப்பளத்தில் பாதம் வெடித்த பாட்டாளியைத் திரையில் கண்டதுண்டா? அவன் உப்பின்றி எந்தப் பந்தி சுவைக்கும்?

மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக் கடற்கரையிலே இருளர் பெருந்திரளாகக் கூடுவர். அவர்கள் வயலெலியைப் பிடிப்பர், உண்பர், வளைக்குள் எலி ஒளித்த நெல்லையும் தோண்டி மீட்பர். உழவனின் விளைச்சலுக்குக் காவலர் அவர்களே! த. செ. ஞானவேலின் 'ஜெய் பீம்' 2021-இல் அந்த எலி வேட்டையை ஒளிக்காமல் காட்டியபோதுதான் பலருக்கு அப்படியும் ஒரு வாழ்வு உண்டென்பது தெரிந்தது. எலியை உண்பதை மறைக்காத இருளன் இழிந்தவனாம். எலிக்காகவே தவமிருக்கும் பூனை உயர்ந்ததாம்! ஏற்கிறதா உங்கள் அறிவு?

உண்மை பேசும் படங்கள் வேறும் உண்டு. ம. மணிகண்டனின் 'காக்கா முட்டை' 2015-இல் வந்தது. காக்கை முட்டையைக் குடித்து வாழும் இரு சேரிச் சிறுவர். மரம் வீழ்கிறது; அவர்கள் விளையாடிய இடத்திலே பீட்சா கடை எழுகிறது. விளம்பரம் ஆசையை ஊட்டுகிறது, கடைவாயில் அறைகிறது! உணவு வாணிபத்தின் சூத்திரம் முழுவதும் அந்த ஓர் அறையிலே அடங்கவில்லையா? கடைசியில் பீட்சாவைச் சுவைத்த சிறுவர், பாட்டி சுட்ட தோசையே மேலென்கின்றனர். 2021-இல் ஜியோ பேபி எடுத்த மலையாளப் படம் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்', சமைப்பவள் எச்சில் மேசையைத் துடைத்தபின்தான் உண்கிறாள் என்று காட்டிற்று. 2023-இல் அது தமிழிலும் வந்தது.

இனி 'அன்னபூரணி'யைப் பாருங்கள். திருவரங்கத்துக் கோயிற் சமையற்காரரின் மகள், பெரிய சமையற்கலைஞராக விரும்பி இறைச்சியும் சமைக்கிறாள். தணிக்கைக் குழுவின் சான்று பெற்று 2023 திசம்பர் 1-இல் வெளிவந்த படம். இராமனும் புலால் உண்டான் என்ற பேச்சு அதில் இடம்பெற்றதாம், புறப்பட்டது எதிர்ப்பு! 2024 சனவரியில் நெட்பிளிக்சு படத்தை விலக்கிற்று; கூட்டுத் தயாரிப்பாளர் மன்னிப்புக் கோரினர்; நயன்தாராவும் வருத்தம் தெரிவித்தார். பிரியாணியின் சுவைக்குத் தொழுகையைத் துணை சேர்த்த அப்படத்தின் முடிவு நமக்கு உடன்பாடன்று. சுவை தருவது கைத்திறனே. அதைக் கண்டித்து எழுதலாம், பேசலாம். படத்தையே மறைப்பது எந்த நீதி? ஒரு பெண்ணின் கரண்டி கண்டு நடுங்குகிறதென்றால், அந்த ஆசாரம் எத்துணை நொய்ந்தது!

காய்கறி உண்போரை நாம் பழிக்கவில்லை. அவரவர் நா அவரவர் உரிமை. ஒருவர் நாவை ஊர் முழுவதற்கும் பூட்டாக்குவதையே எதிர்க்கிறோம்.

'பொழுதுபோக்குக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?' என்பர் சிலர். பொழுதுபோக்கென்றால் பயந்து மறைப்பானேன்? ஆகவே, இளைஞர்களே, ஊர்தோறும் படிப்பகத்திலே படம் பாருங்கள். பார்த்தபின் கேளுங்கள்: விளைத்தவர் யார்? சமைத்தவர் யார்? முதலில் உண்டவர் யார்? ஊதியம் பெற்றவர் யார்? எவருடைய உணவு திரைக்கு வரவில்லை? விடை தேடிக் குப்பத்துக்கும் உப்பளத்துக்கும் நடந்து செல்லுங்கள்.

பாறையிலுள்ள பூனையைப் படைத்தவன் நம்மை எச்சரித்தான். திரையிலுள்ள பூனையைப் படைத்தவர்கள் வணங்கச் சொல்கின்றனர். எலிகளாக இருப்பதா, எழுந்து கேட்பதா? முடிவு உங்களுடையது!