பூங்கா நமது; பெயர் எவருடையது?



கோடை தொடங்கியதும் நீலமலை நோக்கி வண்டிகள் வரிசைகட்டி ஏறுகின்றன. ஏறுவோர் தவறாது கால்வைக்கும் இடம் உதகைப் பூங்கா. 55 ஏக்கர்ப் பரப்பு. அடுக்கடுக்காய் ஏறும் புல்வெளி. கடல்கடந்து வந்த மரங்கள். கல்லாய் இறுகிய தொன்மரத் துண்டு. பார்க்கின்றனர், படம் எடுத்துக்கொள்கின்றனர், இறங்கிவிடுகின்றனர். அப்பூங்காவின் பெயரை எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்தனர்?

‘அரசு தாவரவியல் பூங்கா’! அரசு தமிழ், பூங்கா தமிழ், இரண்டிற்கும் நடுவே குந்தியிருப்பது எது? ‘இசுதாவரம்’ என்னும் வடசொல்லின் சிதைவு! நின்ற இடத்திலேயே நிற்பது என்பது அதன் பொருள். அப்பொருளை ‘நிலைத்திணை’ என்னும் தூய தமிழ்ச்சொல் தெளிவாய் உணர்த்தவில்லையா? வீட்டில் நெல் குவிந்து கிடக்க, அடுத்த வீட்டில் உமி கடன் வாங்குவார் உண்டோ? நம் மேனிலைப் பள்ளி நூலின் அட்டையிலும் அதே ‘தாவரவியல்’தான்!

“ஒரு சொல்லில் என்ன இருக்கிறது?” என்பார்க்கு அப்பூங்காவின் வரலாறே விடை கூறும்.

வெள்ளையர் தமக்குக் காய்கறி கிடைக்கவேண்டித் திங்களுக்கு 3 உருபா தண்டி நடத்திய தோட்டமே அதன் கருப்பை. 1848இல் இலண்டனை அடுத்த கியூ பூங்காவில் பயின்ற மெக்கைவர் வந்தார். மலைச்சரிவைத் திருத்திப் பூங்கா ஆக்கினார். அவர்தம் உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆயின், அம்மலை அவர் வருமுன் ஆளற்றும் பெயரற்றும் கிடந்ததா? பூங்காவின் மேற்புறத்தே தோடர் மந்து இன்றும் உள்ளது. அந்த ‘மந்து’ ஆங்கிலேயன் வாயில் ‘மண்டு’ ஆயிற்று; நம்மவர் கையில் ‘மண்டலம்’ ஆயிற்று. குடியிருந்தவன் சொல் ஊர்ப்பெயருக்குள்ளேயே புதைந்து போயிற்று!

சொல்லொடு நில்லாது நிலமும் போயிற்று. மேட்டுப் புல்வெளியையும் சோலையையும் மலைமக்கள் வெவ்வேறு பெயரிட்டுப் போற்றினர். வெள்ளையன் கண்ணுக்கோ புல்வெளி வெறுந் தரிசு. தரிசு என்று எழுதினான். ஆத்திரேலியக் கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொணர்ந்து நட்டான். புல்வெளி சுருங்கிற்று, அது தேக்கிவைத்துக் கசியவிட்ட ஓடை நீரும் சுருங்கிற்று. பெயர் இழந்த நிலம் தரிசெனப்படும், தரிசெனப்பட்டது பறிபோகும். இதுவே நாம் கற்கவேண்டிய உண்மை.

மறுதலையும் காண்க! பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தபோது மக்கள் மலையேறிச் சென்று கண்டனர். கேரள அரசு 2006இல் குறிஞ்சிமலைக் காப்பிடத்தை அறிவித்தது. அதனினும் அரிய செடிகள் கேட்பாரற்று அழியக் குறிஞ்சிக்கு மட்டும் ஏன் இத்துணைச் சிறப்பு? அதற்குப் பெயர் இருந்தது. பெயரை மக்கள் மறக்கவில்லை. ஆதலின் காக்க ஆள் வந்தது.

நிலைத்திணை அறிவு நமக்குப் புதிதா? புறத்தே வயிரமுடையதைப் புல்லென்றும், அகத்தே வயிரமுடையதை மரமென்றும் மரபியலில் பகுத்துரைத்தார் தொல்காப்பியர். அம்முறையில் பனையும் தென்னையும் புல். இன்றைய அறிவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலை என்னும் ஒரே குழுவில் வைக்கிறது! மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. வாழையின் பிஞ்சு கச்சல் என்று பிஞ்சுக்குப் பிஞ்சு பெயர் வைத்த இனம், தன் பூங்காவுக்குப் பெயர் இரப்பதா?

இலத்தீன் பெயரே வேண்டா என்று நாம் கூறவில்லை. உலக அறிஞர் ஒருவர்க்கொருவர் உரையாட அது வேண்டும். அவ்விலத்தீனிலும் நம் வெட்டிவேர் ‘வெட்டிவேரியா’ என ஏறியது. அதே இலத்தீனில் நம் கறிவேப்பிலையோ, தரங்கம்பாடியில் பணியாற்றிய கோனிக் என்னும் மருத்துவரின் பெயரைச் சுமந்து நிற்கிறது. ‘சோலை’ என்னும் நம் சொல்லை உலகக் காட்டியல் ஏற்றுக்கொண்டது; நம் இதழ்கள் சிலவோ அதனை ஆங்கிலத்தின் வழியே திரும்பப் பெற்று ‘ஷோலா’ என்று அச்சிடுகின்றன! அயலான் எடுத்துப் போற்றியதை அடையாளம் தெரியாது அயற்சொல்லாக வாங்கும் அடிமைப்பாங்கை என்னென்பது?

குற்றம் அரசின்மீது மட்டுமன்று. என்போன்ற தமிழாசிரியர்மீதும் உண்டு. மாணாக்கரை ஒருகால் பூங்கா ஒன்றிற்கு அழைத்துச் சென்றேன், ஊர்ப்பெயர் வேண்டா. “ஐயா, கபிலர் கூறிய தொண்ணூற்றொன்பது பூக்களுள் இங்கே எவை உள்ளன?” என்று ஒரு மாணவி வினவினாள். கொன்றையைக் காட்டினேன்; வேங்கையைக் காட்டினேன்; காந்தளைக் காட்டினேன். நான்காவதற்கு நா எழவில்லை. மரத்தில் தொங்கிய தகட்டைப் பார்த்தேன். இலத்தீன் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, தமிழ் இல்லை. முதலில் தகட்டின்மேல் சினந்தேன். அன்றிரவு அச்சினம் என்மேலேயே திரும்பிற்று. குறிஞ்சிப்பாட்டை மூச்சுவிடாது ஒப்பிக்கும் என் வாய், ஒரு பூவை அதன் செடியில் கண்டு பெயர் சொல்ல அறியவில்லையே! ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் அப்பாட்டைப் பாடினார் என்பது மரபு. இன்று அதனைத் தமிழனுக்கன்றோ அறிவுறுத்த வேண்டியுள்ளது!

எனவே நாம் கேட்பன இவை: ‘தாவரவியல்’ நீங்கி ‘நிலைத்திணையியற் பூங்கா’ எனும் பெயர் வாயிலில் ஏறுக! ஒவ்வொரு செடியின் முன்னும் தமிழ்ப்பெயர் முதலிலும் இலத்தீன் அதன் கீழும் நிற்க! மலைச்செடிகளுக்குத் தோடர், கோத்தர், இருளர், குறும்பர் வழங்கும் பெயர்களை அவர்களிடமே கேட்டு எழுதுக! கழக நூல்களில் வரும் மரஞ்செடிகளுக்குத் திணைவாரியாகத் தனிப்பாத்தி அமைக்க! 1896இல் வெள்ளையன் தொடங்கிய மலர்க்காட்சியில் காந்தளும் வேங்கையும் தம் பெயரோடு தலைநிமிர்ந்து நிற்க!

அரசு செய்யும்வரை நாம் வாளா இருத்தல் வேண்டா. தமிழாசிரியர்களே! அடுத்த கிழமை மாணாக்கரோடு பள்ளியைச் சுற்றி நடங்கள். பத்து மரங்களின் பெயரை ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து, தமிழில் எழுதித் தொங்கவிடுங்கள். பெயரை மீட்போம், பெயரின் வழியே மண்ணை மீட்போம்!