ஏழு அங்குலப் பொய்யும் ஒரு பழைய ரயில் பெட்டியும்

லண்டன் புறநகர் ஒன்றின் தேவாலயக் கூடத்தில் நடந்த பழைய பொம்மைச் சந்தையில், சென்ற குளிர்காலத்தில், மாதிரி ரயிலுக்கான பயணியர் பெட்டி ஒன்றை வாங்கினோம். ட்ரை-ஆங் நிறுவனம் 1960களில் வார்த்தது. கருஞ்சிவப்பு பிளாஸ்டிக் உடல், நைந்துபோன அட்டை உறை, ஒரு முனையில் உடைந்த கொக்கி. "கை வைக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், சேகரிப்பவர்கள் அதைத்தான் மதிப்பார்கள்" என்றார் விற்ற முதியவர். நாங்கள் கை வைத்தோம். அது சரியா என்பதையும், சரியென்றால் எதுவரை என்பதையும் குறித்தே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் மூலத்தைப் பற்றி. 1948-இல் ரயில்வே நாட்டுடைமை ஆனபின், பழைய கம்பெனிகளின் பல்வேறு பெட்டிகளுக்கு மாற்றாக, 1951 முதல் பிரிட்டிஷ் ரயில்வே ஒரே தரத்திலான எஃகுப் பெட்டிகளை ஓடவிட்டது. மார்க் 1 என்று பின்னர் பெயர் பெற்றவை இவை. நீளம் 64 அடி 6 அங்குலம். அடிக்கு 4 மில்லிமீட்டர் என்று சுருக்கினால் 258 மில்லிமீட்டர் வரும். எங்களுக்குக் கிடைத்தது கூட்டு வகுப்புப் பெட்டி: நான்கு முதல் வகுப்பு அறைகள், மூன்று இரண்டாம் வகுப்பு அறைகள், ஒரு பக்கம் நெடுக நடைவழி.

இந்த மாதிரி ரயில்களின் அடித்தளத்திலேயே ஒரு பொய் உண்டு. பிரிட்டிஷ் ரயில்களின் உருவம் ஐரோப்பிய ரயில்களைவிடச் சிறியது. 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிய பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் அக்கால மின்மோட்டார் அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் 76-இல் ஒரு பங்காகப் பெரிதாக்கிவிட்டு, 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். கணக்குப்படி அது 18.83 மில்லிமீட்டராக இருந்திருக்க வேண்டும். 4 அடி 8½ அங்குல அகலத்துப் பாதை இங்கே 4 அடி 1½ அங்குலமாகிவிடுகிறது. ஏழு அங்குலப் பொய். இதைப் பொறுக்காமல் 18.83 மில்லிமீட்டர் பாதையைத் தம் கையாலேயே இழைத்துப் போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் மீது எங்களுக்குப் பெரும் மரியாதை. ஆனால் இந்தப் பொய்யை ஏற்றுக்கொண்ட எங்களைப் போன்றவர்கள், கதவுக் கைப்பிடியின் கால் மில்லிமீட்டருக்காக உறக்கம் இழப்பதில் பொருளில்லை. நாங்கள் நம்ப வேண்டியது அளவுகோலை அல்ல, ஒரு கை தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணை.

அந்தக் கண்ணை முதலில் உறுத்துவது ஜன்னல். பழைய பெட்டியின் பக்கச் சுவர் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன். உண்மை அளவுக்குப் பெருக்கினால் 15 சென்டிமீட்டர்! கண்ணாடி அதற்குப் பின்னால் ஒட்டப்பட்டிருப்பதால், ரயில் பெட்டி கோட்டைச் சுவர்போலத் தெரிகிறது. அசல் பெட்டியிலோ கண்ணாடி எஃகுத் தகட்டோடு ஏறக்குறைய சமமாக அமர்ந்திருக்கும். ஆகவே பழைய கண்ணாடியை எடுத்துவிட்டு, ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு துண்டு வெட்டி, ஓரங்களை அரம்போட்டுத் தேய்த்து, சுவரின் வெளிமுகத்தோடு சமமாகப் பதித்தோம். பத்து மாலைகள் ஆயின. முதல் மூன்று ஜன்னல்களைச் சூப்பர் க்ளூவால் ஒட்டினோம். மறுநாள் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெண்புகை படிந்திருந்தது. அந்தப் பசையின் ஆவி அப்படித்தான் செய்யும் என்பதைப் படித்திருந்தும் அவசரப்பட்ட பலன். பிறகு, காய்ந்தால் நிறமற்றுப்போகும் வெள்ளைப் பசைக்கு மாறினோம். இந்த ஒரு மாற்றம் மற்றெல்லாவற்றையும்விடப் பெட்டியை மாற்றியது.

அடுத்தது சக்கரம். பழைய பிளாஸ்டிக் சக்கரங்களின் விளிம்புகள் மிக ஆழமானவை. நேர்த்தியான தண்டவாளத்தில் கட்டைகளின் மேல் தட்டிக்கொண்டு ஓடும். உலோகச் சக்கரங்கள் போட்டதும் பெட்டி ஓசையின்றி உருண்டது. அடிச்சட்டத்தின் பளபளப்பைத் தூசி நிற வண்ணத்தால் அடக்கினோம்.

கதவுக் கைப்பிடிகளைச் செதுக்கி எடுத்துவிட்டு, துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகுவது இக்கலையில் பலரும் செய்வது. நாங்கள் செய்யவில்லை. வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் கைப்பிடிக்கு நுனித் தூரிகையால் பித்தளை நிறம் தொட்டதோடு சரி. கை தூரத்தில் வேறுபாடு தெரியவில்லை. விவரம் என்பது சேர்த்துக்கொண்டே போவதல்ல என்பது எங்கள் கட்சி.

மாறாக, ஆண்டைத் தேர்ந்தெடுப்பதில் பிடிவாதமாக இருந்தோம். எங்கள் பெட்டி ஓடுவது 1959-இல். 1956-இல்தான் மூன்றாம் வகுப்பு பெயர் மாறி இரண்டாம் வகுப்பானது. கருஞ்சிவப்பு நிறம் பரவத் தொடங்கியதும் அதே ஆண்டில். முதல் வகுப்பைக் காட்டும் மஞ்சள் கோடு 1960களில் வந்தது. ஆகவே அதைத் தீட்டவில்லை. கோடு அழகானது, தீட்ட ஆசையும் இருந்தது. ஆனால் எல்லா ஆண்டுகளின் அழகையும் சுமக்கும் பெட்டி எந்த ஆண்டிலும் ஓடியிருக்காது.

உள்ளே வெறுமையாக இருந்தது. அட்டையில் அறைகளும் இருக்கைகளும் செய்தோம். தொடக்ககால மார்க் 1 பெட்டிகளின் அறைச் சுவர்களில் பலவகை மரப்பலகைகள் இழைக்கப்பட்டிருந்தன. எந்த மரம், எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் சிறு பட்டயமும் இருந்தது. பட்டயத்தை 76-இல் ஒரு பங்கில் யாராலும் படிக்க முடியாது. ஆனால் அறைக்கு அறை பழுப்பு நிறத்தை மாற்றினோம். பிறகு மனிதர்கள். விற்பனைக்கு வரும் பொம்மை மனிதர்களை ஜன்னலோரம் வரிசையாக அமர்த்திவிடுவது வழக்கம். நாங்கள் ஓர் அறையைக் காலியாக விட்டோம். நடைவழியில் ஒருவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்தோம். யாரேனும் பயணம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு அப்போதுதான் வந்தது.

இவ்வளவு கவனத்தில் ஏக்கம் கலந்துவிடும் ஆபத்து உண்டு. மார்க் 1 பெட்டியின் உடல், தனியான ஓர் அடிச்சட்டத்தின் மேல் அமர்ந்தது. மோதலின்போது ஒன்றன் அடிச்சட்டம் மற்றதன் உடலுக்குள் ஏறிவிடும். 1988 டிசம்பரில் கிளாப்ஹம் சந்திப்பருகே இந்த வகையிலான மின்ரயில்கள் மோதியதில் 35 பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் சிக்னல் கம்பியிணைப்பின் பிழை. ஆனால் பெட்டியின் வலுவின்மையும் பேசப்பட்டது. 1999-இன் பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகு அவை படிப்படியாக அன்றாட ஓட்டத்திலிருந்து விலகின. உடலும் அடிச்சட்டமும் சேரும் அந்தக் கோட்டைக் கறுப்பு வண்ணத்தால் துலக்கியபோது, அழகுக்காக மட்டும் அதைத் துலக்கவில்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

முதியவரின் சொல்லுக்குத் திரும்புவோம். அரிதான பொருள் என்றால் அவர் சொன்னதே சரி, தொடக்கூடாது. ஆனால் இது ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டு, குழந்தைகள் தரையில் உருட்டி விளையாடிய பொருள். உறைக்குள் கிடப்பதற்காக யாரும் இதைச் செய்யவில்லை. சுவடியைப் பதிப்பிப்பவர் பாடத்தைத் திருத்தும்போது பழைய பாடத்தையும் அடிக்குறிப்பில் காப்பாற்றுவார். அதையே நாங்களும் பின்பற்றினோம். பழைய கண்ணாடி, சக்கரங்கள், உடைந்த கொக்கி எல்லாம் ஒரு காகித உறையில், எப்போது எதை எடுத்தோம் என்ற குறிப்புடன், அந்த நைந்த அட்டை உறைக்குள்ளேயே இருக்கின்றன. அடிப்புறத்தில் பொறித்த தயாரிப்பாளர் பெயரின்மேல் வண்ணம் படவிடவில்லை. நாளை யாரேனும் எங்கள் வேலை தவறென்று கருதினால், வண்ணம் போக மற்றதையெல்லாம் ஒரு மாலையில் கழற்றிவிடலாம். அந்த வசதியைச் செய்துவைக்காமல் பழைய பொருளைத் தொட எவருக்கும் உரிமையில்லை என்றே கருதுகிறோம்.