ஐந்து நொடிப் பிசினும் அரை நொடி விரலும்

தூண்டில் முள்ளில் புழு கோர்க்க நம்மில் பலருக்குத் தெரியும். புழுவே இல்லாமல், அந்த முள்ளின் மேல் இறகும் ரோமமும் நூலால் சுற்றி, பூச்சி மாதிரியே ஒரு பொய் ஈயைக் கட்டி மீனை ஏமாற்றும் வித்தையும் உண்டு. ‘ஃப்ளை’ என்பார்கள். வெள்ளைக்காரர்கள் 1907-இல் நீலகிரி அவலாஞ்சியில் ட்ரௌட் மீன் பொரிப்பகம் வைத்தார்களே, அது இந்த விளையாட்டுக்காகத்தான்.

முன்பெல்லாம் முடிச்சு அவிழாமலிருக்க வார்னிஷ் தடவுவார்கள். கண்ணாடி போன்ற உடம்பு வேண்டுமென்றால் இரண்டு குழாய் எபாக்சி. கலந்து பூசி, ஒரு பக்கம் வழியாமல் இறுகும் வரை சுழற்றிக்கொண்டே இருக்கணும். இப்போது ஒரு சொட்டு ரெசின், ஒரு புற ஊதா டார்ச், சில நொடிகள். வேலை முடிந்தது! சும்மா சொல்லக்கூடாது, அருமையான சரக்கு. நூல் வேலையின் மதிப்பைப் பிசின் கெடுத்துவிட்டது என்று பழைய ஆட்கள் சண்டை போடுகிறார்களாம். போடட்டும். என் கவலை விரலைப் பற்றியது.

இந்த ரெசின் பெரும்பாலும் அக்ரிலேட். ஒளி பட்டதும் அதிலுள்ள தூண்டுபொருள் உடைந்து, மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோர்க்கிறது. ஆனால் மேற்பரப்பில் காற்றின் ஆக்சிஜன் குறுக்கே வந்து அந்தக் கோர்வையைத் தடுக்கிறது. அதனால்தான் உள்ளே கல்லாக இறுகியும் மேலே பிசுபிசுப்பு. இறுகிவிட்டதா என்று எல்லோரும் எதைத் தொட்டுப் பார்க்கிறார்கள்? இறுகாத அந்த அடுக்கைத்தான்! கறுப்புச் சாயம் கலந்திருந்தால், கனமாகப் பூசியிருந்தால், ஒளி உள்ளேயே போகாது.

இறுகாத அக்ரிலேட் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது. பிறகு பல் அடைக்கப் போனாலும் தொல்லை. பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018-இல் செயற்கை நகப்பூச்சு பற்றி எச்சரித்ததே, அதுவும் இதே குடும்பத்துச் சரக்கால்தான். அவர்கள் பரிசோதித்தவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு இந்த ஒவ்வாமை இருந்தது. ஒளியில் இறுகும் பிசின்களில் பரவலாகச் சேர்க்கப்பட்ட டி.பி.ஓ. என்ற தூண்டுபொருளை, இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பரில் அழகுசாதனங்களில் தடை செய்தது. நகத்துக்குத் தடை, தூண்டில் முள்ளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. விரல் என்னவோ ஒன்றுதானே?

ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகப் பத்து ஈ கட்டுபவருக்கு ஆபத்து குறைவு. கடையில் விற்கும் ஈக்களில் பெரும்பங்கு கென்யா, இலங்கை போன்ற நாடுகளில், நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து கட்டும் தொழிலாளர்களின் கையிலிருந்து வருகிறது. ‘கையுறை போடு’ என்று சொல்வது சுலபம். மெல்லிய லேட்டக்ஸ் கையுறையை அக்ரிலேட் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். நைட்ரைல் தேவலாம், அதையும் அடிக்கடி மாற்றணும். கையுறையோடு மெல்லிய நூல் பிடிபடுமா என்பது வேறு விஷயம்! எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கழற்றி எறிந்துவிட்டுத்தான் கட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

ஆகவே சொல்கிறேன்: ஊசி முனையால் பூசணும், டார்ச்சை இன்னும் கொஞ்ச நேரம் காட்டணும், பிசுபிசுப்பைத் துணியில் ஆல்கஹால் நனைத்துத் துடைக்கணும், விரலால் சோதிக்கவே கூடாது. இதற்கு ஒரு ஈக்குச் சில நொடி கூடுதல். அந்த நொடிகளுக்கும் கூலி சேர்த்து விலை போடட்டும். ‘ஐந்து நொடியில் இறுகும்’ என்று புட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், ‘மேல் அடுக்கைத் தொடாதே’ என்பதையும் அதே அளவு எழுத்தில், கட்டுபவர் படிக்கிற மொழியில், ஸ்வாஹிலியோ சிங்களமோ தமிழோ, அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?