கிலோ கணக்கா, சதுர அடிக் கணக்கா? ட்ரஸ் தொழில் சொல்லித்தரும் பாடம்!

குடோன், கல்யாண மண்டபம், மொட்டை மாடி ஷெட்... எதுவானாலும் கூரை ஷீட்டுக்குக் கீழே முக்கோணம் முக்கோணமாக ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். அதுதான் ட்ரஸ். திருவொற்றியூர், மணலி, எண்ணூர் வட்டாரத்தில் இதைச் செய்துகொடுக்கும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. வெல்டிங் மெஷின், கட்டிங் மெஷின், நாலு ஆள் இருந்தால் தொழிலைத் தொடங்கிவிடலாம். முதல் வருடத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். அந்த ஒரு வருடம் பட்டறைக்காரருக்குச் சொல்லித்தரும் பாடங்கள், வேலை கொடுக்கும் நமக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

முதல் பாடம், விலை பேசும் விதம். பில்டர்களின் பெரிய வேலைகளுக்குப் பெரும்பாலும் கிலோ கணக்கு. வீட்டு மாடி ஷெட்டுக்குச் சதுர அடிக் கணக்கு. கிலோவுக்கு இவ்வளவு என்றால், தேவைக்கு மேல் இரும்பு ஏற்றுவதில் பட்டறைக்கு லாபம். சதுர அடிக்கு இவ்வளவு என்றால், இரும்பைக் குறைப்பதில் லாபம். 2 மி.மீ. தடிமன் பைப்புக்குப் பதில் 1.6 மி.மீ. போட்டால், பெயின்ட் அடித்த பிறகு பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால், எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். நேர்மையாகத் தொழில் செய்பவருக்கும் இது சிக்கல்தான். தடிமனைச் சொல்லாமல் கொட்டேஷன் கொடுக்கும் போட்டியாளர் எப்போதும் இவரைவிட மலிவாகத் தெரிவார். அதனால், என்ன பைப், என்ன அளவு, என்ன தடிமன் என்று கொட்டேஷனிலேயே எழுதிக்கொடுப்பதுதான் இருவருக்கும் பாதுகாப்பு.

இரண்டாவது, காற்று. கூரை பாரம் தாங்காமல் கீழே விழும் என்றுதான் நாம் பயப்படுகிறோம். புயலில் நடப்பது நேர்மாறு. காற்று கூரையை மேலே தூக்கும். அப்போது ட்ரஸுக்குள் விசைகள் தலைகீழாக மாறும். இழுவையில் இருந்த அடிச்சட்டம் அழுத்தத்துக்கு உள்ளாகி வளைந்துவிடலாம். காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875 தரநிலை, சென்னையின் அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 50 மீட்டரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர்! 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோது பறந்த கூரைகளை வடசென்னை மறந்திருக்காது. இரும்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதைத் தூணோடு பிடித்துவைக்கும் ஆங்கர் போல்ட்டும், ஷீட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூவும் சரியில்லையென்றால் பயனில்லை.

மூன்றாவது, உப்பு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று இரும்பைத் தின்னும். துரு பெரும்பாலும் வெல்டிங் செய்த இடத்தில்தான் தொடங்கும். அங்கே கசடை நன்றாகத் தட்டிச் சுத்தம் செய்த பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். பைப்பின் திறந்த முனைகளையும் தகடு வைத்து அடைக்க வேண்டும். இல்லையென்றால் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்.

நான்காவது, ஏற்றும் வேலை. பட்டறையில் உறுதியாக நிற்கும் ட்ரஸ், தூண்மேல் தனியாக ஏற்றியதும் பக்கவாட்டில் பலவீனமானது. பர்லின்களும் குறுக்குச் சட்டங்களும் பொருத்தும்வரை அது சாய்ந்துவிடும் ஆபத்து உண்டு. தற்காலிகத் தாங்கல் கொடுக்காமல் கிரேனைக் கழற்றக் கூடாது. இரும்புக் கட்டுமானத்தில் முடியாத வேலைக்கு அருகில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2025 செப்டம்பர் 30 காட்டியது. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் எஃகு வளைவு ஒன்று சரிந்து, பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்த 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஹெல்மெட், பாதுகாப்பு பெல்ட், கிரேன் வாடகை ஆகியவற்றை 'கூடுதல் செலவு' என்று ரேட்டிலிருந்து குறைக்கும்போது, குறைவது யாருடைய பாதுகாப்பு என்று யோசிக்க வேண்டும்.

கடைசியாக, பணம். இரும்பைக் காசு கொடுத்து வாங்கி, பில்டரிடம் கடனுக்கு விற்பதுதான் பல புதிய பட்டறைகளை முடக்குகிறது. உதயம் தளத்தில் பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு 2006-ம் ஆண்டுச் சட்டம் ஒரு பிடிமானம் தருகிறது. பொருளை ஏற்றுக்கொண்டவர், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால், டெலிவரி சலானில் கையெழுத்தும் தேதியும் இல்லாமல் 45 நாளை எங்கிருந்து எண்ணுவது?

ஷெட் போடப்போகிறீர்களா? ரேட்டுக்கு முன்பு நான்கு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: பைப்பின் தடிமன், ஆங்கர் போல்ட்டின் அளவும் எண்ணிக்கையும், பெயின்ட் எத்தனை கோட், ஏற்றும்போது பாதுகாப்புக்கு யார் பொறுப்பு. இதை எழுதிக்கொடுக்கத் தயங்காத பட்டறை சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால், பேரத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.