நாட்கணக்கும் ஒரு மருந்துதான்

சில வருடங்களுக்கு முன்னர் மருதமுனையில், கைத்தறி நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாய்க்கு மார்பில் சிறு கட்டியொன்று இருப்பது தெரியவந்தது. பரிசோதித்துப் பார்த்ததில் அது புற்றுநோய்தான். ஆனாலும் ஆரம்ப நிலை. "மார்பை முழுதாக அகற்றத் தேவையில்லை. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றால் போதும்" என்று வைத்தியர் விளக்கினார். அந்தத் தாய் கேட்ட முதற் கேள்வி, "எத்தின நாள் போய்வரணும், டொக்டர்?" என்பதே. ஐந்து கிழமை, கிழமைக்கு ஐந்து நாள் என்று பதில் வந்தது. வீட்டுக்குப் போய்க் கணவரோடும் தன் ராத்தாவோடும் பேசிவிட்டு, அடுத்த கிளினிக் நாளில் வந்து அவர் சொன்னது இதுதான்: "முழுசாவே எடுத்துடுங்க."

அவருடைய உயிர் காப்பாற்றப்பட்டது. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். ஆனால் அந்த முடிவை எடுத்தது நோய் அல்ல. தூரமும் நாட்கணக்கும்தான் எடுத்தன. இக்கட்டுரை அந்த நாட்கணக்கைப் பற்றியது.

கதிர்வீச்சு எதற்காக?

ஊரில் இதைக் ‘கரண்ட் பிடிக்கிறது’ என்பார்கள். மின்சாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கட்டியை அகற்றிய பின்னரும் கண்ணுக்குத் தெரியாத புற்றுநோய்க் கலங்கள் அவ்விடத்தில் தங்கியிருக்கலாம். அவற்றை அழிப்பதற்காகவே கதிர்கள் செலுத்தப்படுகின்றன. இதைத் தேவையற்ற மேலதிக வேலை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. உலகின் பல நாடுகளில் நடந்த 17 ஆய்வுகளில் பங்குபற்றிய 10,801 பெண்களின் விபரங்களை ஒன்றுதிரட்டி 2011இல் வெளியிட்டார்கள். கட்டியை மட்டும் அகற்றிக்கொண்டு கதிர்வீச்சுப் பெறாதவர்களுள், 10 ஆண்டுகளுக்குள் 100 பேரில் 35 பேருக்கு நோய் திரும்பியது. கதிர்வீச்சுப் பெற்றவர்களுள் அது 19 பேருக்கே திரும்பியது. 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தோர் தொகையும் நூற்றுக்கு 25இலிருந்து 21ஆகக் குறைந்தது. ஆகவே கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, "சுகமாகிவிட்டது, இனி எதற்கு?" என்று வீட்டில் இருந்துவிடுவது ஆபத்தானது.

25 நாள் எங்கிருந்து வந்தது?

ஒரே நாளில் பெருமளவு கதிரைச் செலுத்தினால் நல்ல கலங்களும் கருகிவிடும். சிறிது சிறிதாகக் கொடுத்தால், இடைப்பட்ட நேரத்தில் நல்ல கலங்கள் தம்மைத் திருத்திக்கொள்ளும். புற்றுநோய்க் கலங்களால் அவ்வளவாக முடியாது. 1920களில் பிரான்ஸ் நாட்டு வைத்தியர்கள் செய்த வேலைகளிலிருந்து வளர்ந்த கொள்கை இது. அதன்படி மார்பகத்துக்கு ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 25 நாட்களில் 50 கிரே கொடுப்பது பல நாடுகளில் வழக்கமாயிற்று. (கிரே என்பது கதிரின் அளவு, துணிக்கு முழம் போல.)

ஆனால் எல்லாப் புற்றுநோயும் ஒரே குணமுடையவை அல்ல. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, ஒரு நாளின் அளவைச் சற்றுக் கூட்டி, மொத்த அளவைக் குறைத்து, நாட்களைச் சுருக்கினாலும் அதே பலன் கிடைக்குமா என்று வைத்தியர்கள் வினவினர். கனடாவில் 1993 முதல் 1996 வரை 1,234 பெண்கள் இதற்கான ஆய்வில் சேர்க்கப்பட்டனர். 25 நாள் சிகிச்சை பெற்றவர்களுள் 10 ஆண்டுகளில் அதே மார்பில் நோய் திரும்பியோர் நூற்றுக்கு 6.7, 16 நாள் பெற்றவர்களுள் 6.2. பிரித்தானியாவில் 1999இல் தொடங்கிய ‘ஸ்டார்ட்’ என்ற இரு ஆய்வுகளில் 4,451 பெண்கள் பங்குபற்றினர். 15 நாட்களில் 40 கிரே கொடுப்பது 25 நாட்களில் 50 கிரே கொடுப்பதற்குக் குறைந்ததல்ல என்பது அங்கும் தெளிவாயிற்று. பிரித்தானியாவின் நைஸ் என்ற சுகாதார நிறுவனம் 2009இல் 15 நாள் முறையையே பரிந்துரைத்தது.

அத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ‘ஃபாஸ்ட் ஃபோர்வர்ட்’ என்ற ஆய்வில் 97 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 4,096 பேர் 2011க்கும் 2014க்கும் இடையில் சேர்க்கப்பட்டனர். அதன் முடிவு 2020இல் வெளிவந்தது. 15 நாள் முறையில் 5 ஆண்டுகளில் நோய் திரும்பியோர் நூற்றுக்கு 2.1. ஒரே கிழமையில், 5 நாட்களில் 26 கிரே பெற்றவர்களுள் 1.4. கொவிட் தொற்றுக் காலத்தில் பிரித்தானியா இம்முறையை விரைந்து கைக்கொண்டது. எமக்கு அண்மையில், கொல்கத்தாவிலுள்ள டாட்டா மெடிக்கல் சென்டரும் 5 நாள் முறையை 15 நாள் முறையோடு ஒப்பிடும் பெரிய ஆய்வொன்றை 2019இல் தொடங்கியது.

எமது பாதையில் கணக்குப் பார்ப்போம்

இந்தச் சேதி லண்டனில் இருப்பவருக்கு ஒரு வசதி. எமக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை.

ஒரு காலத்தில் இக்கரையோரத்து நோயாளர் கதிர்வீச்சுக்காக 300 கிலோமீற்றருக்கும் மேலாகப் பயணம் செய்து மகரகமவுக்கே போகவேண்டியிருந்தது. இன்று மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கும் இவ்வசதி வந்துள்ளது, பெரும் ஆறுதல்தான். எனினும் கல்முனையிலிருந்து மட்டக்களப்பு சுமார் 40 கிலோமீற்றர். போய்வர 80. 25 நாளுக்கு 2,000 கிலோமீற்றர். 15 நாளுக்கு 1,200. 5 நாளுக்கு 400. பொத்துவிலில் இருப்பவருக்கு ஒரு வழி மட்டுமே 100 கிலோமீற்றருக்கும் அதிகம். 25 நாள் போய்வந்தால் 5,000 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். சத்திரசிகிச்சைக் காயம் ஆறிய உடம்போடு, சித்திரை வெயிலில், நெருக்கமான பஸ்ஸில் இத்தனை தூரம் போய்வரச் சொல்கிறோம்.

அவர் தனியாகவும் போகமாட்டார். கணவரோ மகனோ சகோதரியோ கூடவே போகவேண்டும். கடலுக்குப் போகிறவரின், வயலில் நாட்கூலி செய்கிறவரின் அன்றைய உழைப்பு அன்றோடு போயிற்று. எமது கரையோரத்தில் தமிழரிடமும் சரி, முஸ்லிம்களிடமும் சரி, வீடு பெண்ணுடையது. மகளுக்கு வீடு கொடுத்தே கல்யாணம் செய்துவைக்கிறோம். அந்த வீட்டின் அச்சாணி ஐந்து கிழமை இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், படுக்கையில் இருக்கும் உம்மம்மா, நின்றுபோன தறி எல்லாம் என்னாகும்? கையில் கிடந்த காப்பு ஈட்டுக்குப் போகிறது. 2022இல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, நாளாந்தம் சிகிச்சைக்குப் போவது என்றால் என்னவென்று எம்மில் பலரும் கண்டுகொண்டோம்.

பன்னிரண்டு வருடம் நோயில் வருந்தி, கையிலிருந்ததெல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்துத் தீர்த்த பெண்ணொருத்தியைப் பற்றி நற்செய்தியில் வாசிக்கிறோம். அவளுடைய நோயோடு அவளுடைய செலவையும் நற்செய்தியாளர் மறக்காமல் எழுதிவைத்தார். நாமும் அவ்விரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

இயந்திரத்தின் பக்கமிருந்தும் இதைப் பார்க்கலாம். ஓர் இயந்திரத்தில் 100 முறை சிகிச்சை கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். 25 நாள் முறையில் அது 4 பெண்களுக்குப் போதும். 5 நாள் முறையில் 20 பெண்களுக்குப் போதும். புதிய இயந்திரம் வாங்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். மகரகம வைத்தியசாலைக்கு ஒரு ‘பெட்’ ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்காகக் கதீஜா பவுண்டேஷன் நிதி திரட்டியபோது, இனமத பேதமின்றி நாட்டு மக்கள் அள்ளிக்கொடுத்ததை அறிவோம். அது போற்றத்தக்கது. ஆனால் ஏற்கனவே உள்ள இயந்திரத்தில் கூடுதலானோர் பயன்பெற வழியிருக்கும்போது, அந்த வழியையும் நாம் தேடவேண்டாமா?

மலிவுச் சிகிச்சையா?

"நாளைக் குறைத்தால் மருந்தும் குறையுமே, ஏழைகள் என்பதால் இப்படிச் செய்கிறார்களா?" என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அது நியாயமான கேள்வி. அதற்கு நேரான பதில் சொல்லவேண்டும். இம்முறை ஏழை நாடுகளுக்கென்று உருவாக்கப்பட்டதல்ல. வசதிபடைத்த நாடுகளில், அந்நாட்டுப் பெண்களிடமே பல வருடம் சோதித்துப் பார்த்து ஏற்கப்பட்டது.

அதேவேளை, இதில் ஆபத்தே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. 1980களில் பிரித்தானியாவில் மார்பகக் கதிர்வீச்சுப் பெற்ற பெண்களிற் சிலருக்குக் கை நரம்புகள் பாதிக்கப்பட்டு, கை செயலிழந்து போனது. அவர்கள் 1990களின் தொடக்கத்தில் அமைப்பாகத் திரண்டு நியாயம் கேட்டார்கள். ஒரு நாளில் கொடுக்கும் அளவு கூடும்போது கவனமும் கூடவேண்டும் என்பதே அதன் பாடம். 2020 ஆய்விலும் இன்னொரு பிரிவினருக்கு 5 நாளில் 27 கிரே கொடுத்துப் பார்த்தார்கள். 5 ஆண்டுகளின் பின் மார்பு இறுகுதல், சுருங்குதல் போன்ற குறிப்பிடத்தக்க பாதிப்பு 26 கிரே பெற்றவர்களில் நூற்றுக்கு 11.9 பேருக்கும், 27 கிரே பெற்றவர்களில் 15.4 பேருக்கும் இருந்தது. 15 நாள் முறையில் அது 9.9. ஒரேயொரு கிரே கூடியதற்கே இவ்வளவு வேறுபாடு. ஆகவே திட்டமிடுதலும் அளவெடுத்தலும் சரியாக நடக்கும் இடத்திலேயே இது செய்யப்படவேண்டும்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதும் இல்லை. நோய் முற்றியவர்களுக்கும், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் கதிர் தேவைப்படுபவர்களுக்கும் வைத்தியர் வேறு முடிவு எடுக்கலாம். இளவயதினருக்குக் கட்டியிருந்த இடத்துக்கு மேலும் சில நாட்கள் கொடுப்பதும் உண்டு. தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே. ஆனால் கேட்கவேண்டியவர்கள் நாம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, சத்திரசிகிச்சைக்கு முன்னரே "எனக்கு எத்தனை நாள் கதிர்வீச்சு வேண்டும்? குறைந்த நாளில் முடிக்க எனக்கு இடமுண்டா? இல்லையென்றால் ஏன்?" என்று கேட்கவேண்டும். மார்பை வைத்திருப்பதா எடுத்துவிடுவதா என்ற முடிவே அந்தப் பதிலில் தங்கியிருக்கிறது. கேட்பது மரியாதைக் குறைவல்ல. அதேபோல், பெண் வாய்திறந்து கேட்கும்வரை காத்திராமல், அவருக்குப் புரியும் மொழியில், அவர் கணவரையும் அருகில் வைத்துக்கொண்டு இவற்றை விளக்குவது வைத்தியசாலைகளின் கடமை.

இரண்டாவது, தொடங்கிய சிகிச்சையை இடையில் விடக்கூடாது. 5 நாள் சிகிச்சையில் ஒரு நாள் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப்போகிறது.

மூன்றாவது, எமது மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சிகிச்சைப் பயணத்துக்கென்று சிறு நிதியொன்றை ஒதுக்கலாம். 25 நாள் பயணத்துக்கு உதவுவது ஒரு கிராமச் சங்கத்தால் முடியாத காரியமாக இருக்கலாம். 5 நாள் பயணத்துக்கு முடியும். மட்டக்களப்பில் எமது திருச்சபை மண்டபங்களும் விடுதிகளும் எத்தனையோ கருத்தரங்குகளுக்கு இடம்கொடுக்கின்றன. பொத்துவிலிலிருந்து வரும் ஒரு தாய்க்கும் அவருடைய துணைக்கும் ஐந்து இரவுகள் இடம்கொடுக்க அவற்றால் முடியாதா? வருபவர் எந்த மதத்தவர் என்று கேட்கவேண்டியதில்லை. 2004 டிசம்பரில் கடல் எம்மிடம் அதைக் கேட்கவில்லை.

நான்காவதே அடிப்படையானது. இந்தக் குறுகிய சிகிச்சை ஆரம்ப நிலையில் வருபவருக்கே பெரிதும் உதவும். வெட்கத்தினாலும் பயத்தினாலும் கட்டியை மறைத்துவைத்து, புண்ணாகிய பின் வருபவருக்கு எந்த நாட்டு ஆய்வும் எளிதான வழி காட்டாது. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்கள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குகள் இலவசமானவை. கட்டி தெரிந்தால் அன்றைக்கே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் பேசுகிறவர்கள் ஆண்களைப் பார்த்து இதைச் சொல்லவேண்டும். ஏனெனில் பஸ் காசும் அனுமதியும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

மருதமுனைத் தாயின் கேள்வி மிகச் சரியான கேள்வி. "எத்தின நாள் போய்வரணும்?" அதைப் படிப்பறிவற்ற ஒருவரின் கவலையென்று ஒதுக்கிவிட முடியாது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஆயிரக்கணக்கான பெண்களைக் கொண்டு பல வருடம் ஆராய்ந்ததும் அதே கேள்வியைத்தான். பதில் இப்போது இருக்கிறது. அதை எமது கரையோரத்துப் பெண்களின் காதுக்குக் கொண்டுசேர்ப்பதே எஞ்சியுள்ள வேலை. அது எமது வேலை.