பிதுங்கும் கண்ணுக்குச் சொட்டு மருந்து போதாது

குழந்தையின் ஒரு கண் சில நாள்களில் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது; அல்லது மேல் இமை கனத்துத் தொங்குகிறது. காய்ச்சல் இல்லை, பெரும்பாலும் வலியும் இல்லை. “விளையாடும்போது விழுந்தான், அடிபட்டிருக்கும்” என்கிறார்கள் வீட்டில். விழாத குழந்தை எது? ஆனால் அந்த ஒரு பேச்சு மருத்துவரையும் திசைதிருப்பிவிடுவது உண்டு. தொற்று என்று கருதிச் சொட்டு மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் தரப்படுகின்றன. வாரங்கள் ஓடிவிடுகின்றன.

அந்த வாரங்களில் வளர்வது ராப்டோமயோசார்க்கோமாவாக இருக்கலாம். தசையாக வேண்டிய இளஞ்செல்கள் கட்டுமீறிப் பெருகும் புற்று அது. குழந்தைகளின் கண்குழியிலேயே தோன்றும் புற்றுகளில் முதன்மையானது. அரிதுதான். கைக்குழந்தையின் இமையில் செக்கச்செவேலென்று தடிக்கும் ரத்தநாளக் கட்டி பெரும்பாலும் தானே சுருங்கிவிடும், பார்வையை மறைத்தால்தான் சிகிச்சை வேண்டும். எல்லா வீக்கத்துக்கும் பதற வேண்டியதில்லை. நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கத்தை ஸ்கேன் எடுக்காமல் வைத்துப் பார்ப்பதை மட்டும் ஏற்கவே முடியாது.

ஏனென்றால் ராப்டோமயோசார்க்கோமா குணமாகும் நோய். ஒரு காலத்தில் கண்ணோடு கண்குழியில் உள்ள அனைத்தையும் வெட்டியெடுத்தார்கள்; அப்படியும் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கவில்லை. 1972-இல் அமெரிக்காவில் தொடங்கிய கூட்டாய்வுகள் அந்த நிலையை மாற்றின. இன்று சிறு துண்டெடுத்துச் சோதித்து, கீமோதெரபியும் கதிர்வீச்சும் முறையாகக் கொடுத்தால், கண்குழியைத் தாண்டாத நோயில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். பின்னாளில் கண்புரையோ வறட்சியோ வரலாம். கண் பெரும்பாலும் தங்குகிறது. கண்ணை எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சி மருத்துவமனைக்கே வராத பெற்றோரிடம் இதை எடுத்துச்சொல்ல ஆள் வேண்டும்.

சென்னை எழும்பூரில் 1819 முதல் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. அரசுக் குழந்தைகள் மருத்துவமனையும் அங்கேதான். அடையாறில் 1954 முதல் புற்றுநோய் நிலையம் இயங்குகிறது. அங்கே வந்து சேர்வதற்குள்தான் நாள் வீணாகிறது. கண் புதிதாகப் பிதுங்கும் எந்தக் குழந்தைக்கும் மூன்று நாளைக்குள் மாவட்ட அளவிலேயே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையங்கள் அனைத்துக்கும் தமிழக அரசு எழுத்துப்பூர்வ உத்தரவு அனுப்ப வேண்டும்.

சிகிச்சை ஏறக்குறைய ஓராண்டு நீளும். முதலமைச்சர் காப்பீடு மருத்துவச் செலவை ஏற்றாலும், திரும்பத் திரும்பச் சென்னைக்கு வரும் கூலித் தொழிலாளியின் பஸ் கட்டணத்தையும் போன கூலியையும் யார் தருவது? வீக்கம் வடிந்ததும் ஊர் திரும்பி, சிகிச்சையைப் பாதியில் விடும் குடும்பத்தைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. பயணப்படி, பெற்றோர் தங்க இடம், இரண்டுக்கும் வரும் நிதிநிலை அறிக்கையிலேயே பணம் ஒதுக்க வேண்டும்.